காகிதத்தைத் துளைக்கும் கருவி

ரிவால்வர் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் இந்நாட்டுத் தமிழர்க்கு எழும் நினைவுகள் நல்லனவல்ல. 1948ஆம் வருடம் ஜூன் மாதத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டதும், அதன்பின் துரை வெளிக்காட்டுக்கு வரும்போதெல்லாம் அவரது இடுப்பில் தோலுறையும் அதனுள் ஒரு கரிய பிடியும் தொங்கியதும் நமது முதியோர் கண்ணாரக் கண்டவை. பெரட்டுக் களத்தில் நின்ற பால்மரத் தொழிலாளிக்கு அந்தக் கரிய பிடி எந்தக் கம்பெனியில் செய்யப்பட்டது என்று ஆராய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது தன் பக்கம் திரும்பாதிருந்தால் போதுமென்றிருந்தது. அதனினும் ஆழப் பதிந்த நினைவு ஒன்றுண்டு. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி அவர்கள், கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில், 1949ஆம் வருடம் மே மாதம் 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் அதைக் கொண்டு எவரையேனும் சுட்டார் என்பதன்று வழக்கு. வைத்திருந்தார் என்பதே வழக்கு. ஒரு சமூகம் தனது தலைவனைப் பறிகொடுத்ததற்குக் காரணமாகக் காட்டப்பட்ட பொருளை, அச்சமூகத்தில் பிறந்த ஒருவர் 'அழகு' என்று சொல்லத் துணிந்தால், அவர் காரணம் கூறக் கடமைப்பட்டவராவார்.

நாம் அவ்வாறு சொல்லத் துணிந்தவர். ஏறக்குறைய முப்பது வருடங்களாக, பழங்காலத்து இலக்கு ரிவால்வர்கள் என்னும் ஒரு தனி வகைக் கருவிகளைப் பற்றிப் படித்தும், படங்களைச் சேர்த்தும், அரும்பொருட்சாலைகளில் கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்த்தும் வந்திருக்கிறோம். ஒன்றேனும் நம்மிடம் இல்லை, இருக்கவும் கூடாது. மலேசியாவில் 1971ஆம் வருடத்துச் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் வருடத்துச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்குச் சிறை, பிரம்படி, தூக்கு என்ற வரிசையில் தண்டனை வகுத்தவை. மலேசியாவில் தூக்குத் தண்டனை கட்டாயம் என்ற நிலை 2023ல் நீக்கப்பட்டதாயினும், நீதிபதி விரும்பினால் விதிக்கக்கூடியதாகவே அது நிற்கிறது. இச்சட்டங்களின் கடுமையைப் பற்றி எத்தனை விவாதங்கள் இருப்பினும், துப்பாக்கி வாங்குவது மீன் வாங்குவதுபோல் எளிதாயிருக்க வேண்டுமென்று நாம் ஒரு நாளும் எண்ணியதில்லை. ஆகவே நமது சேகரம் முழுதும் காகிதமே. அக்கருவிகள் துளைப்பதற்கென்று செய்யப்பட்டதும் காகிதத்தையே என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

இலக்கு ரிவால்வர் என்றால் என்ன? ஐம்பது கஜத் தூரத்தில் ஒரு காகிதம் நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டம் மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலம். ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் அளவென்று கொள்ளலாம். சுடுபவர் நின்றபடி, ஒரே கையை நீட்டி, மற்றக் கையின் உதவியின்றி, பத்து நிமிஷத்தில் பத்துக் குண்டுகளை அவ்வட்டத்தினுள் செலுத்த வேண்டும். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் ஏழு அங்குலத்தை ஒட்டியது. அதில் முன்குறி ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பாகம் விலகினால், ஐம்பது கஜத்தில் குண்டு சுமார் இரண்டரை அங்குலம் விலகிவிடும். ஒரு தலைமயிரின் பருமன் நூற்றில் ஒரு பாகத்திற்கும் குறைவு என்பதை நினைத்துக்கொண்டால், இவ்விளையாட்டு எத்தகையது என்பது விளங்கும். இதற்குப் பலம் உதவாது. கோபம் உதவவே உதவாது. மூச்சை அடக்கி, விசையை எப்போது தட்டினோமென்று தனக்கே தெரியாத மெதுவில் அழுத்துபவனுக்கே வெற்றி. இடுப்பில் தொங்கி அச்சுறுத்தும் கருவிக்கு இந்த நுட்பங்களில் ஒன்றும் தேவையில்லை.

இக்கருவியின் வரலாறு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இரண்டு ஊர்களைச் சுற்றியே பெரிதும் நடந்தது. ஒன்று கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு. மற்றொன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு. முன்னதில் சாமுவேல் கோல்ட் என்பவர் நிறுவிய கம்பெனி. 1836ல் அமெரிக்காவில் சுழல் உருளைக்குக் காப்புரிமை பெற்றவர் அவரே. பின்னதில் ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸன் என்ற இருவர். கோல்ட் உருளையின் அறைகளில் மருந்தையும் குண்டையும் முன்புறமிருந்து திணிக்க வேண்டியிருந்தது. ஸ்மித்தும் வெஸனும் 1857ல் வெளியிட்ட சிறு ரிவால்வரிலோ, உருளை முன்பின்னாக முழுதும் துளைக்கப்பட்டு, பித்தளை முதலிய உலோகக் கூட்டுக்குள் மருந்தும் குண்டும் ஒன்றாயடைந்த தோட்டாவைப் பின்புறமிருந்து செருக முடிந்தது. அவ்வாறு முழுதும் துளைக்கும் உரிமை ரோலின் ஒயிட் என்பவரிடம் இருந்தது. முன்னர் கோல்ட் கம்பெனியில் வேலை செய்த அவரிடமிருந்து இவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். 1869 வரையில் வேறெவரும் அமெரிக்காவில் அவ்வழியில் செய்ய முடியாதபடி சட்டம் காத்தது. ஒரு துளையின் உரிமையால் ஒரு கம்பெனி எழுந்தது என்று சொல்வது மிகையாகாது.

1870க்குப் பின் ருஷிய அரசாங்கம் ஸ்பிரிங்பீல்டுக்குப் பெரும் ஆர்டர் கொடுத்தது. யுத்தத்துக்கென்று ருஷியர் கேட்ட மாறுதல்கள் அத்துப்பாக்கியையும் அதன் தோட்டாவையும் முன்னிலும் குறி தவறாததாக ஆக்கிவிட்டன. போட்டிக்காரர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். நாசத்துக்கென்று கேட்டது விளையாட்டுக்குப் பயன்பட்டது. இதன் மறுபக்கத்தைப் பின்னர்ச் சொல்வோம். 1880களின் பிற்பகுதியில், இலக்குக்கென்றே தனித் தோட்டாவும், திருகினால் நகரும் பின்குறியும் உள்ள ரிவால்வர்கள் அங்கே செய்யப்பட்டன.

அக்காலத்துச் சுடுநரில் வால்டர் வினான்ஸ் என்பவரை மறக்க முடியாது. அமெரிக்கப் பெற்றோருக்கு ருஷியத் தலைநகரில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்த பெருந்தனவந்தர். பிஸ்லி மைதானத்துப் போட்டிகளில் ஸ்மித் அண்டு வெஸன் ரிவால்வரைக் கொண்டு பரிசுகளை வாரிக் குவித்தவர். ரிவால்வர் சுடும் கலை பற்றி 1901ல் நூல் வெளியிட்டவர். 1908ஆம் வருட ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடும் மான் உருவத்தைச் சுட்டுத் தங்கப் பதக்கம் பெற்றார். 1912ல் ஸ்டாக்ஹோமில் குதிரைச் சிலை ஒன்றைச் செதுக்கி, சிற்பத்துக்காக மற்றொரு தங்கப் பதக்கம் பெற்றார். சிற்பத்துக்கும் ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுத்த காலம் அது. வேலை செய்து பிழைக்க வேண்டிய அவசியமில்லாதவனுக்கு எத்தனை கலை வேண்டுமானாலும் கைவரும் என்று நமது நண்பர் ஒருவர் எள்ளினார். மறுப்பதற்கில்லை. ஆனால் வினான்ஸ் கையிலிருந்த ரிவால்வரைச் செய்தவன் வேலை செய்து பிழைத்தவன். நமது நாட்டம் அவன்மேலேயே.

கோல்ட் கம்பெனி சும்மா இருக்கவில்லை. 1894ல் அந்த ஆங்கில மைதானத்தின் பெயரையே வைத்து 'பிஸ்லி' என்றொரு வகையை வெளியிட்டது. 1904ல் வந்த 'ஆபீஸர்ஸ் மாடல்' பல வருடங்கள் போட்டி மேடைகளில் கோலோச்சியது. கோல்டின் உருளை சுடுபவர் கண்ணுக்கு வலமாகச் சுழலும். ஸ்மித் அண்டு வெஸன் உருளை இடமாகச் சுழலும். இரண்டில் எது உயர்ந்தது என்று அமெரிக்கர் நூறு வருடமாக வாதிடுவதைப் பார்த்தால், நம்மவரின் வடகலை தென்கலைச் சண்டை தனியானதல்ல என்று ஆறுதல் கொள்ளலாம்.

நமது உள்ளத்தை முதன்முதல் கவர்ந்தது 1931ல் ஸ்பிரிங்பீல்டில் வெளிவந்த 'கே-22' என்னும் சிறு தோட்டா ரிவால்வர். வறுமை அமெரிக்காவை வாட்டிய காலம் அது. தோட்டா மலிவானதால் குறைந்த வருமானத்தவனும் பயிற்சி செய்ய ஏற்றதாயிற்று. 1940ல் அதைத் திருத்தி, பின்குறியைத் திருகும்போது 'டிக், டிக்' என்று அளவு காட்டும்படி செய்து, 'மாஸ்டர்பீஸ்' என்று பெயரிட்டார்கள். ஆயிரத்துக்குச் சற்று மேல் செய்வதற்குள் யுத்த வேலைகள் குறுக்கிட்டு அது நின்றுபோயிற்று. யுத்தம் முடிந்தபின் மூன்று அளவுகளில் அதே ரிவால்வர் வந்தது: கே-22, கே-32, கே-38. இங்கேதான் நாம் வியந்து நிற்பது. குழலின் துளை பெரிதாகப் பெரிதாக இரும்பு குறைந்து எடை குறைய வேண்டுமன்றோ? ஆனால் போட்டிக்காரன் மூன்றையும் மாறி மாறிச் சுட வேண்டியவன். கையில் எடை மாறினால் குறி மாறும். ஆகவே குழலின் மேலுள்ள நீண்ட வரம்பின் அகலத்தை ஒவ்வொன்றிலும் மாற்றி, தோட்டா நிரப்பிய நிலையில் மூன்றும் முப்பத்தெட்டரை அவுன்ஸ், அதாவது சுமார் 1 கிலோ 90 கிராம், இருக்கும்படி செய்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் எது எது என்று கை சொல்லாது. விளம்பரத்துக்காகச் செய்யப்பட்டதாயினும், தொழிலறிந்தவன் தலையாலன்றி இது தோன்றாது.

நாம் அரமும் கடைசலும் பழகியவர் ஆதலால், இக்கருவியை நாம் பார்ப்பது சுடுபவரின் கண்ணாலன்று, பட்டறைக்காரரின் கண்ணாலேயே. ரிவால்வரின் உட்பொறி ஒரு பக்கத் தகட்டினால் மூடப்பட்டிருக்கிறது. பழைய ஸ்மித் அண்டு வெஸனில் அத்தகடு உடலோடு பொருந்தும் கோடு, கண்ணுக்கு மயிரிழையாகவும் நகத்துக்கு ஒன்றுமில்லாததாகவும் இருக்கும். பொருத்தியபின் இரண்டையும் சேர்த்து மெருகிட்டதனால் வந்த நேர்த்தி அது. அதைக் கழற்றத் தெரியாதவன் திருப்புளியை இடுக்கிலே விட்டு நெம்புவான். அன்றோடு அந்தத் துப்பாக்கியின் அழகு போயிற்று. தெரிந்தவன் திருகுகளை மட்டும் எடுத்துவிட்டு, பிடியின் சட்டத்தை மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டுவான். தகடு தானே துள்ளி எழும். இறுக்கமாய்ப் பொருந்திய ஒன்றைப் பலத்தால் பிரிக்கலாகாது, அதிர்வால் பிரிக்கலாம் என்பதைத் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே பாடுபட்ட எந்தப் பிட்டரும் அறிவார்.

விசையும் குதிரையும் சந்திக்கும் இடம் இன்னும் நுட்பமானது. குதிரையின் அடியில் வெட்டப்பட்ட ஒரு சிறு படியில் விசையின் முனை தங்கி நிற்கும். அப்படியின் ஆழம் கண்ணால் காண்பதற்கே அரிது. அதன் மூலை சரியாயிருந்தால், இரண்டரை அல்லது மூன்று ராத்தல் அழுத்தத்தில், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் விசை விடுபடும். மூலை சற்று மழுங்கினால் மணலில் இழுப்பதுபோல் இழுபடும். சற்று மிகுதியாய்த் தேய்த்தால் தட்டாமலே வெடிக்கும். மென்மைக்கும் ஆபத்துக்கும் நடுவே அரத்தின் இரண்டு இழுப்புத் தூரம். அந்தத் தூரத்தை அறிந்த கை, சம்பளப் புத்தகத்தில் ஒரு எண்ணாக இருந்து மறைந்தது. துப்பாக்கியின்மேல் முதலாளிகளின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பொருத்தியவனின் பெயர் எங்குமில்லை. உடலும் தகடும் கலந்துபோகாதிருக்க உட்புறத்தில் ஓர் எண் குத்துவார்கள். புதிதாகச் சேகரிப்பவர் அதையே துப்பாக்கியின் தொடர் எண் என்று மயங்குவது வழக்கம். நமக்கோ அந்த மயக்கம் தரும் எண்ணே பிரியமானது. தொழிலாளி தன் கையால் தனக்கென்று இட்ட அடையாளம் அது ஒன்றுதான்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய துப்பாக்கிகளின் கருநீலம் சாயமன்று, வர்ணமுமன்று. மெருகிட்ட இரும்பைக் கரியோடும் எண்ணெயோடும் அடுப்பிலே சூடேற்ற, அதன் தோலே மிக மெல்லிய கரிய ஆக்ஸைடாக மாறுகிறது. சிவந்த துருவும் இரும்பின் ஆக்ஸைடே. இரும்பைத் தின்பது ஓர் உருவம், ஓரளவு காப்பது மற்றோர் உருவம். மெருகு எத்தனை ஆழமோ அத்தனை ஆழம் நீலம். குதிரையையும் விசையையும் எலும்புக் கரியில் பொதிந்து காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவதால், மேல்தோல் மாத்திரம் கடினமாகி, மழைக்குப்பின் ரோட்டில் சிந்திய எண்ணெயின் நிறங்கள் அதில் தோன்றும். நம்மவர் வருடத்துக்கு ஒருமுறை கருவிகளுக்குச் சந்தனம் பூசிக் குங்குமமிட்டு ஆயுத பூஜை என்று கும்பிட்டுவிட்டு, மறுநாளே ஈர மூலையில் எறிந்து துருப்பிடிக்க விடுவதை நாம் பட்டறைகளிலே கண்டு வேதனைப்பட்டிருக்கிறோம். ஹார்ட்போர்டுத் தொழிற்சாலையில் ஆயுதத்தைக் கும்பிட்டவர் இல்லை. அளவுகோல் வைத்து அளந்தார்கள். அரத்துக்கு வேண்டியது குங்குமமன்று, கம்பித் துரிகையும் காய்ந்த துணியும்.

2016ஆம் வருடம் குடும்ப காரியமாக அமெரிக்காவுக்குச் சென்றிருந்தபோது, ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கு அருகில் வசித்த ஓர் அன்பரைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. வருடந்தோறும் தேசியச் சுடுபோட்டிகள் நடக்கும் காம்ப் பெர்ரி அங்கிருந்து தூரமில்லை. அவர் கடைசல் தொழிலில் ஓய்வு பெற்றவர். கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. இருபதுக்கு மேற்பட்ட இலக்கு ரிவால்வர்களை இரும்புப் பெட்டகத்தில் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது உருளையைத் திறந்து ஆறு அறைகளையும் தாம் பார்த்து, பின்பு நம்மைப் பார்க்கச் சொல்லி, அதன்பின்னரே நமது கையில் வைத்தார். கீழே வைத்து மறுபடி எடுத்தபோதும் அவ்வாறே செய்தார். இருபது தடவையும் அச்சடங்கில் ஓர் எழுத்துக் குறையவில்லை. சடங்குகளை எதிர்த்தே வளர்ந்த நமக்கு, காரணமுள்ள சடங்கு என்றால் என்ன என்று அன்றுதான் காட்சியாக விளங்கிற்று.

சேகரிப்போர் உலகத்து ஆசாரங்கள் வேடிக்கையானவை. துப்பாக்கியின் நீலம் தொழிற்சாலையில் ஏறிய நீலமாகவே இருக்க வேண்டும். மங்கிப்போனதைப் புதிதாக மெருகிட்டால், முன்னிலும் பளபளப்பாக இருந்தாலும், தீட்டுப்பட்டதாகிவிடும், விலை பாதியாகும். அது விற்றபோது வந்த அட்டைப் பெட்டி, குறிகளைத் திருப்பும் சிறு திருப்புளி, மடித்த காகிதம் இவை இருந்தால் விலை ஏறும். மரப்பிடியின் உட்புறத்திலுள்ள எண்ணும் உடலின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் கோத்திரம் தெரியாத பிள்ளைக்கு நம்மூரில் நேர்வதே நேரும். கம்பெனியின் பழைய பேரேட்டைப் பார்த்து, இன்ன எண்ணுள்ள துப்பாக்கி இன்ன நாளில் இன்ன கடைக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் வாங்கி, ஜாதகம் போலப் பாதுகாப்பார்கள். சிலர், ஒரு தடவையேனும் சுடப்படாததே உத்தமம் என்று கண்ணாடிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். ஒஹையோ அன்பர் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லர். அவரது கே-38ன் நீலம் தோலுறை உரசி முனையில் வெளுத்திருந்தது. பிடியின் சொரசொரப்பு உள்ளங்கைக்குத் தக்கபடி தேய்ந்திருந்தது. "வேலை செய்யாத கருவி கருவியன்று" என்பது அவர் கூறியதன் கருத்து. நாமும் அவர் கட்சியே. விலைக்காகச் சேர்ப்பவன் எதைச் சேர்த்தாலும் வட்டிக்கடைக்காரனே.

அத்தகைய நேர்த்தி ஏன் மறைந்தது என்பதற்கு நீண்ட காரணம் தேவையில்லை. போட்டியில் ஒரு பகுதி, இருபத்தைந்து கஜத்தில் பத்து வினாடிக்குள் ஐந்து குண்டு. ரிவால்வர்க்காரன் ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னிழுக்க வேண்டும். இழுக்கும்போது பிடி நழுவும். தானே ஏறிக்கொள்ளும் பிஸ்தோலுக்கு அத்தொல்லை இல்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பிஸ்தோல்கள் குறி தவறாதவை ஆனதும், ரிவால்வர் போட்டி மேடையிலிருந்து படிப்படியாக இறங்கிற்று. கைவேலையின் கூலியும் உயர்ந்தது, உயர வேண்டியதே. மலிவாய்க் கிடைத்த கைத்திறனுக்காக ஏங்குவது முதலாளிக்கு அழகு, நமக்கன்று.

இனி, முன்பு சொன்ன மறுபக்கம். நமது நண்பர் ஒருவர், பழைய தொழிற்சங்கக்காரர், நமது படங்களைப் பார்த்துவிட்டுச் சற்றும் தயங்காமல் கேட்டார்: "தூக்குக் கயிற்றின் முறுக்கு அழகாயிருக்கிறது என்றும் எழுதுவீரோ?"

இக்கேள்வியை நாம் எளிதாகத் தட்டிவிட முடியவில்லை. இலக்கு ரிவால்வர் வேறு, கொலைத் துப்பாக்கி வேறு என்று வாதிக்கலாம். ஆனால் உண்மை அவ்வளவு சுத்தமானதன்று. கே-38 என்பது 1899ல் 'மிலிட்டரி அண்டு போலீஸ்' என்ற பெயரில் வந்த ரிவால்வரின் உடலிலேயே, நகரும் குறிகளும் வரம்பும் மேலான மெருகும் சேர்த்துச் செய்யப்பட்டது. தோட்டாவும் ஒன்றே. இலக்குக்குத் தட்டையான முகமுள்ள குண்டைப் போடுகிறார்கள். அது காகிதத்தில் வட்டமாய்ச் சுத்தமான துளை வெட்டும், மதிப்பெண் எண்ண எளிது. மாமிசம் அந்த வேற்றுமையைப் பெரிதாக மதிக்காது. 1944ல் அதே உடலமைப்புள்ள யுத்தகால ரிவால்வர் ஒன்று கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி மாண்டார். அதன்பின் குதிரைக்குத் தடையாகப் புதியதொரு துண்டை உள்ளே சேர்த்தார்கள். நாம் புகழ்ந்த கைகளே, நாம் புகழ்ந்த நுட்பத்தோடே செய்த பொறி அது. அமெரிக்காவில் 2021ஆம் வருடத்தில் மாத்திரம் துப்பாக்கியால் மாண்டோர் 48,000க்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கை எட்டும் தூரத்தில் ஒன்று இருந்துவிட்டால், ஒரு நாழிகைத் துயரம் ஓர் ஆயுளை முடித்துவிடுகிறது. தோட்டங்களிலே களைக்கொல்லி மருந்து லயத்து வீட்டுக்குள் இருந்த காலத்தை அறிந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டா. ஒஹையோ அன்பரின் பெட்டகத்தின் கனம் நமக்கு அன்று வியப்பாயிருந்தது. இத்தொகைகளைப் படித்தபின் அது இன்னும் கனமாயிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

ஆகவே நண்பருக்கு நாம் கூறிய விடை இதுதான். பொருளின் பயனால் அதிலுள்ள உழைப்பு பொய்யாகிவிடாது. உழைப்பின் அழகால் பொருளின் பயன் தூய்மையடையவும் மாட்டாது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கண் வேண்டும். தஞ்சைப் பெரிய கோவிலின் கல்லைப் பார்த்து வியப்பவர், அங்கே யாரை உள்ளே விட மறுத்தார்கள் என்பதை மறக்க வேண்டியதில்லை. மறக்காதவர் வியக்கக் கூடாதென்பதுமில்லை. நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கோவிலுக்குள் பிறகு நுழைந்துவிட்டோம், அந்தக் குழலுக்குள் என்னத்தை நுழைப்பது?" என்றார். அவருடைய கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

இவ்விவகாரம் வெறும் ரசனை வாதமாக நின்றிருந்தால் இப்பத்திரிகையின் இடத்தை நாம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம். நமது இளைஞரிற் சிலர் பட்டணத்துக் குண்டர் கும்பல்களில் சிக்குண்டு கிடப்பது எல்லோரும் அறிந்த துயரம். சினிமாச் சுவரொட்டிகளில் கதாநாயகன் கையில் பூவைவிடத் துப்பாக்கியே அதிகம். தோட்டம் விற்கப்பட்டு வீட்டுடைமைத் திட்ட அடுக்கு வீட்டுக்கு வந்த ஒரு குடும்பத்துப் பையன், பதினேழு வயதினன், நம் வீட்டிலிருந்த படப் புத்தகத்தின் செய்தி எவ்வாறோ அறிந்து ஒருநாள் வந்து கேட்டான். கொடுக்கத் தயங்கினோம். கொடுக்காவிடில் வேறிடத்தில் வேறு விதமாய்ப் பார்ப்பான் என்பதும் தெரியும். நம் முன்னே உட்கார்ந்து பார்க்கச் சொன்னோம்.

முதற் பக்கங்களில் அவன் கேட்டதெல்லாம் நாம் அஞ்சிய கேள்விகளே. "ஐயா, இது எத்தனை பேரைச் சுடும்?" ஆறு தோட்டா என்றோம், காகிதத்தில் ஆறு துளை என்றோம். சிரித்தான். விலை கேட்டான். எங்கே கிடைக்குமென்று கேட்டான். புடு சிறையில் தொங்கியவரின் கதையைச் சொன்னோம். அப்பெயரை அவன் அதற்குமுன் கேட்டதில்லை. அவனுடைய பள்ளிப் புத்தகம் எதிலும் அப்பெயரைக் கண்டதில்லையென்று சொன்னான். சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு பக்கத் தகடு கழற்றிய நிலையில் உட்பொறியைக் காட்டும் படம் வந்தது. அங்கே அவன் கை நின்றது. விசையை இழுத்தால் எது எதைத் தள்ளும், உருளை எப்படிச் சரியாக ஆறில் ஒரு பங்கு மட்டும் சுழன்று நிற்கும், தகட்டின் கோடு படத்தில் ஏன் தெரியவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலானான். முதலிரண்டையும் பென்சிலால் வரைந்து விளக்கினோம். மூன்றாவதை வாயால் விளக்க முடியாதென்று பட்டறைக்கு அழைத்துச் சென்றோம்.

இரும்புத் தகட்டுத் துண்டு ஒன்றில் சதுரமாக ஒரு வாய் வெட்டி, அவ்வாய்க்குள் வெளிச்சம் புகாமல் பொருந்துமாறு மற்றொரு துண்டை அரத்தால் தேய்க்கச் சொன்னோம். பிட்டர் வேலை பழகுவோர்க்கு உலகெங்கும் கொடுக்கும் முதற் சோதனைகளில் ஒன்று அது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவதாகச் சொன்னான். இருட்டும் வரையில் தேய்த்தான். பொருத்தி விளக்குக்கு நேரே பிடித்தபோது, மூன்று பக்கம் கருமையாகவும் நான்காம் பக்கத்தில் வெள்ளைக் கம்பிபோல் வெளிச்சமும் தெரிந்தது. "நகத்துக்குத் தெரியலையே ஐயா" என்றான். விளக்குக்குத் தெரிகிறதே என்றோம். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அப்போது புத்தகத்தைக் கேட்கவில்லை, புதிதாய் ஒரு தகட்டுத் துண்டு கேட்டான்.